கோஸ்ட் என்றால் பேயா, கடற்கரையா

மக்கா,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து வாசி. வகுப்புக்கு ஓடுகிற ஓட்டத்தில், ஒரு கையில் தோசையை வைத்துக்கொண்டு வாசிக்காதே. நீ எர்ணாகுளத்துக்குப் போன இந்த மூன்று நாளில் நான்கு தடவை உன்னைக் கூப்பிட்டேன். நான்கு தடவையும், சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எர்ணாகுளத்து மழையைப் பற்றி எனக்கு என்ன கவலை? சொல்ல வந்தது தொண்டை வரைக்கும் வரும். நீ "அம்மா, பொறவு கூப்பிடுகேன்" என்பாய். அப்பாடா, தப்பித்தோம் என்று நானும் விட்டுவிடுவேன். எழுதினால் நீ நடுவில் வெட்ட முடியாது, நானும் நடுவில் ஓட முடியாது. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு நிமிஷத்தில் போய்ச் சேருமே என்று உன் அப்பா கேட்கிறார். எழுதிய தாள் எதையும் இனி என் ஆயுசுக்கும் படம் எடுத்து யாருக்கும் அனுப்ப மாட்டேன். ஏன் என்று வாசிக்க வாசிக்கத் தெரியும். தபாலில்தான் போடுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் எனக்கு தைரியம் போனாலும் போய்விடும். அஜிதா உன் பிட்காயினை எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று நான் நம்புகிறேன் என்றெல்லாம் மழுப்பவில்லை. அவள் மேல் சந்தேகம் விழக் காரணமாக இருந்தது நான் செய்த காரியம். உங்கள் கல்யாணத்துக்கு இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது. ஒன்பது நாளாக நீ அவளிடம் பேசவில்லை. அவள் கூப்பிட்டால் வேலையாக இருக்கிறேன் என்று ஒற்றை வரி அனுப்புகிறாய். நெய்யாற்றின்கரை அச்சகத்துக்காரர் கார்டு புரூஃப் பார்க்க வரச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார். நீ என்னிடம், இப்போது அடிக்க வேண்டாம், கொஞ்சம் நிறுத்தி வை என்றாய். நானும் அவரிடம் எழுத்துப்பிழை இருக்கிறது, பார்த்துச் சொல்கிறோம் என்று பொய் சொன்னேன். எழுத்துப்பிழை கார்டில் இல்லை, மக்கா. அது மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கையால் நடந்தது.

நீ ஷார்ஜாவுக்குப் போன முதல் வருஷம். ஒருநாள் சாயங்காலம் நான் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன், அப்போது கூப்பிட்டாய். அம்மா, பேனாவும் தாளும் எடு, பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தை சொல்லுவேன், வரிசை மாறாமல் எழுது என்றாய். சம்பளத்தில் மிச்சம் பிடிப்பதை பிட்காயினாக வாங்கி, போனில் ஒரு வாலெட்டில் போட்டு வைப்பதாகச் சொன்னாய். போன் தொலைந்தாலும் கெட்டாலும் இந்தப் பன்னிரண்டு சொல் இருந்தால் வேறு எந்தப் போனிலும் திறந்துவிடலாம். சொல் போனால் எல்லாம் போகும். அது யார் கையில் கிடைக்கிறதோ அவர்தான் உரிமைக்காரர், போய்ப் புகார் சொல்ல ஒரு பேங்க் மேனேஜர்கூடக் கிடையாது என்றாய். அறையில் ஆறு பேர், ஒரே அலமாரி, அதனால் எழுதி அங்கே வைக்க முடியாது, நீதான் பத்திரமாக வைக்க வேண்டும் என்றாய். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. ஊரில் ஒவ்வொருத்திக்கும் மகன் வளையல் வாங்கி அனுப்பினான். எனக்கு மட்டும் சாவியைக் கொடுத்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எழுதினேன். ஆனால் தமிழில் எழுதினேன்.

நீ பின்னால் தலையில் அடித்துக்கொண்டாயே, இங்கிலீஷ் வார்த்தையை எவளாவது தமிழில் எழுதுவாளா என்று, அதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஒன்று, நீ வேகமாகச் சொன்னாய், என் கை வேகமாக ஓடுவது தமிழில்தான். களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், தமிழ் மீடியத்தில் பத்து வரை படித்தவள் நான். இன்னொன்றுதான் உண்மையான காரணம். பாறசாலைக்கு வாழ வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் தமிழ்தான் என் பூட்டு. எல்லாரும் தமிழ் பேசுவார்கள், கேட்பார்கள், சிரிப்பார்கள். ஆனால் படித்ததெல்லாம் மலையாளம், தமிழ் எழுத்து ஒருத்தருக்கும் தெரியாது. உன் அப்பாவுக்கும் தெரியாது, உன் அத்தைக்கும் தெரியாது. என் அளவு நோட்டு, சீட்டுக் கணக்கு, மனக்குறை எல்லாவற்றையும் தமிழில் எழுதி மேசை மேலேயே போட்டுவைப்பேன். பெட்டி வேண்டாம், சாவி வேண்டாம்.

அந்தப் பூட்டை முதலில் உடைத்தவன் நீ. உனக்கு ஏழு வயது. அ, ஆ சொல்லிக் கொடுத்து, எழுத்துக் கூட்டப் பழக்கி, என் பிள்ளை தமிழும் வாசிக்கிறான் என்று நான் பூரித்துப் போயிருந்த நேரம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்றுகொண்டிருக்கும்போது நீ சுவரில் தொங்கிய காலண்டரில் நான் கிறுக்கியிருந்ததைப் பார்த்து உரக்க வாசித்தாய்: "இன்றைக்கும் குழம்பில் உப்பு போதாது என்றாள். நாளைக்கு உப்பையே குழம்பு வைத்துக் கொடுக்க வேண்டும்." உன் அத்தை கையில் மீன் முள்ளோடு என்னைப் பார்த்த பார்வை இப்போதும் ஞாபகம் இருக்கிறது. உன் அப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பது பூட்டு ஆகாது. தெரிந்த ஒருவன் வருகிற வரைக்கும்தான் அது பூட்டு.

அப்படித்தான் அந்தத் தாளும் ரேஷன் கார்டு உறைக்குள் மூன்று வருஷம் கிடந்தது. திருடன் வந்தால் நகைப் பெட்டியைத்தானே தேடுவான், ரேஷன் கார்டை எடுத்து மண்ணெண்ணெய் வாங்கவா போகிறான் என்பது என் கணக்கு. தாளை வைத்த இடத்தை உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அதுவும் தப்புதான். நான் நடுவில் போய்ச் சேர்ந்திருந்தால், ரேஷன் கார்டைப் புதுக்குகிற அன்றைக்கு அந்தத் தாள் அடுப்புக்குப் போயிருக்கும்.

போன மாதம் நீ லீவில் வந்தாய். தனுவச்சபுரத்தில் காலேஜ் பிள்ளைகளின் நெரிசலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது போன் கீழே விழுந்தது, பின் சக்கரம் அதன் மேலேயே ஏறிப் போனது. நீ அதை அள்ளிக்கொண்டு வந்து சிரித்தாய். நமக்கு அம்மா பேங்க் உண்டே என்றாய். புதுப் போன் வாங்கி, என் தாளை விரித்து வைத்து, ஒவ்வொரு சொல்லாக அடித்தாய். சொற்கள் சரியில்லை என்று சிவப்பில் எழுத்து வந்தது. திரும்ப அடித்தாய், திரும்பவும் சிவப்பு. உன் முகத்தில் சிரிப்பு குறைந்து குறைந்து போனதை நான் தையல் மெஷினில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் "என்னத்த எழுதி வச்சிருக்க அம்மா" என்று கேட்டாய். நீ கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

என்ன நடந்தது என்பது இப்போது உனக்குத் தெரியும். என்றாலும் வேறு யாராவது இதை வாசித்தால் புரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன். பன்னிரண்டில் மூன்று சொல்லைத்தான் சொல்வேன், அவையும் இப்போது செத்த சொற்கள், காலி வீட்டின் சாவி. தாளில் கோஸ்ட் என்று எழுதியிருந்தேன். அது பேயா, கடற்கரையா? இங்கிலீஷில் இரண்டும் வேறு வேறு சொல், அந்த வாலெட் சொல் எடுக்கிற பட்டியலில் இரண்டும் உண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே கோஸ்ட். டிரிப் என்று எழுதியிருந்தேன், அது பயணமா, சொட்டா? கார்டு என்று எழுதியிருந்தேன், அது கல்யாணக் கார்டா, பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற கார்டா? மலையாளத்தில் 'க'வுக்கே நாலு எழுத்து உண்டு. வீறாப்பை விட்டு உன் அப்பாவிடம் சொல்லி எழுதச் சொல்லியிருந்தால் அவருடைய மலையாளம் பேயையும் கடலையும் தனித்தனியாகக் காட்டிக் கொடுத்திருக்கும். அதைவிட, நீ ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லியிருந்தால் நான் ஏபிசிடியிலேயே எழுதியிருப்பேன். தப்பில் உனக்கும் ஒரு பங்கு உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனிமேல்தான் உனக்குத் தெரியாதது. அந்தச் சிவப்பு எழுத்துக்கு மறுநாள் நீ ஷார்ஜா கம்பெனி கேட்கிற இந்த வகுப்புக்குப் பெயர் பதியவும் மெடிக்கலுக்கும் மூன்று நாள் எர்ணாகுளம் போனாய். அந்த மூன்று நாள் எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஒரு சுடிதாரில் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்தேன். உன் மூன்று வருஷத்து வெயிலை நான் ஒரு தாளில் எழுதித் தொலைத்துவிட்டேன் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. போனில் தேடித் தேடி, பிட்காயின்காரர்கள் ஒருவருக்கொருவர் உதவுகிற ஒரு மலையாளக் குழுவில் சேர்ந்தேன். உள்ளே போனதும் மேலேயே ஒரு நீளமான அறிவிப்பு. நான் மலையாளத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். அத்தனை நீளத்துக்கு யாரால் முடியும் என்று தள்ளிவிட்டு, வாயால் பேசிக் கேள்வியை அனுப்பினேன். மகனுடைய வாலெட் திறக்கவில்லை, பன்னிரண்டு சொல்லும் என் கையில்தான் இருக்கிறது, யாராவது உதவுங்கள் என்றேன். நடுச்சந்தையில் நின்று, என் மடியில் சாவி இருக்கிறது என்று கூவியதற்குச் சமம்.

குழுவில் காட்டாக்கடை ஊர்க்காரர் ஒருவர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பதில் போட்டார். சேச்சி, சொற்களை யாரிடமும் சொல்ல வேண்டாம், என்னிடமும் வேண்டாம், மகன் வரட்டும், நெட் இல்லாத போனில் அவனே முயற்சி செய்யட்டும் என்று. நல்ல மனுஷன். ஆனால் எனக்கு அது ஆறுதலாக இல்லை, ஏனென்றால் உடனே எதுவும் செய்வதாக அவர் சொல்லவில்லை. உடனே செய்கிறேன் என்று சொன்னவன் வேறொருவன். அவன் குழுவில் பேசவில்லை, தனியாக எனக்கு வந்தான். கேடயம் போட்ட படம், அம்மே என்று மரியாதை. வாலெட்டின் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், அழ வேண்டாம், பத்து நிமிஷத்தில் சரியாகும் என்றான். நான் அழுகிறேன் என்று அவனுக்கு யார் சொன்னது என்று நான் யோசிக்கவில்லை. அழுதுகொண்டுதான் இருந்தேன்.

தாளைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன், மக்கா.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு குடம் தண்ணீர் கோரி வைத்துவிட்டு வந்தேன். மூன்று வருஷம் உன் அப்பாவுக்குக்கூடக் காட்டாததை, பெயர் தெரியாத ஒருவனுக்குப் பத்து நிமிஷத்தில் காட்டினேன். அவன் பார்த்துவிட்டு, "இது தமிழ் ஆணல்லோ அம்மே, இங்கிலீஷில் டைப் செய்யூ" என்றான். அடிக்க உட்கார்ந்தேன். முதல் நான்கு சொல் போனது. ஐந்தாவது கோஸ்ட். இதற்கு எந்த ஸ்பெல்லிங் என்று அவனிடமே கேட்டேன். "ரெண்டும் அயக்கூ, வேகம் அயக்கூ" என்றான், இரண்டையும் சீக்கிரம் அனுப்பு என்று. அங்கேதான் எனக்கு உறைத்தது. என்னிடம் ரவிக்கை பிடிக்கிறது என்று ஒருத்தி வந்தால், எங்கே பிடிக்கிறது, எப்போதிருந்து என்றுதான் கேட்பேன். உன் வீட்டு அலமாரிச் சாவியைக் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டேன். இவன் என்ன கோளாறு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல் மட்டும் வேண்டும் என்கிறான். போனை மெஷின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டேன். அது அதிர்ந்துகொண்டே இருந்தது. அப்புறம் அனுப்பியதையெல்லாம் அழித்தேன், அவனை பிளாக் செய்தேன். அழித்தது அழிந்தது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு, குழுவில் தள்ளிவிட்ட அந்த அறிவிப்பை எழுத்துக் கூட்டி வாசித்தேன். அரை மணிக்கூர் ஆனது. முதல் வரியிலேயே இருந்தது: இங்கே உங்களிடம் தனியாக முதலில் வந்து பேசுகிறவன் கள்ளன். அடுத்த வரி, சொற்களைக் கேட்கிறவன் யாராக இருந்தாலும் கள்ளன். நீளமாக இருக்கிறது என்று தாண்டிப் போனேனே, அதில் எனக்கென்றே எழுதி வைத்த மாதிரி இருந்தது. மறுநாள் குழுவில், எனக்குத் தெரிந்த ஒரு சேச்சி இப்படிச் செய்துவிட்டாள், இனி அவள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். காட்டாக்கடைக்காரர் சொன்னார்: அழித்ததால் பிரயோஜனம் இல்லை, அவன் பார்த்தது பார்த்ததுதான். வாலெட் திறந்த உடனே புதுச் சொற்களோடு புது வாலெட் உண்டாக்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட வேண்டும், பழையதில் ஒரு துளிகூட விடக் கூடாது. அந்தச் சேச்சியை ரொம்பத் திட்டாதீர்கள், வீட்டில் உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். முதல் பாதியைக் கேட்டேன், இரண்டாம் பாதியை விட்டுவிட்டேன்.

நீ திரும்பி வந்த அன்றைக்கு அஜிதா கல்யாணப் புடவை காட்ட வந்தாள். நீ மூலையில் தாளை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தாய். அவள் தமிழ்ப் பக்கத்துப் பெண், எட்டிப் பார்த்து வாசித்தாள். டிரிப் என்பதைப் பார்த்ததும், "இது ஆஸ்பத்திரில ஏத்துத டிரிப் ஆக்கும், சொட்டு சொட்டா போகுமே, அது" என்றாள். நர்ஸுக்கு அப்படித்தானே தோன்றும். நீ ஏதோ பொறி தட்டின மாதிரி நிமிர்ந்தாய். அப்போதுதான் எனக்கும் ஞாபகம் வந்தது. அன்றைக்கு போனில் நீ கோஸ்ட் என்றதும் நான் பேயா என்று கேட்டேன், நீ பேய்தான் என்று சிரித்தாய். கார்டு மிச்சம். கல்யாணக் கார்டைத் தள்ளிவிட்டு காவல்கார கார்டைப் போட்டதும் திறந்தது. நீங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கைதட்டினீர்கள். மூன்று வருஷத்து உழைப்பை உனக்குத் திருப்பிக் கொடுத்தது அவள், அதை மறந்துவிட்டாயா?

அன்றைக்கே உன் பின்னால் நின்று நச்சரித்தேன். புதுச் சொல் வாங்கு, எல்லாவற்றையும் மாற்று என்றேன். ஏன் என்று கேட்டாய். கெட்ட கனவு கண்டேன், யாரோ ரேஷன் கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான் என்றேன். கனவும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ அம்மாவுக்கு வட்டு, கிறுக்குப் பிடித்துவிட்டது என்று கேலி செய்தாய், ஆனாலும் செய்தாய். கனவுக்காகச் செய்தவன் முழுசாகச் செய்வானா? பெரும்பங்கை மாற்றிவிட்டு, கல்யாணச் சில்லறைச் செலவுக்கு இருக்கட்டும் என்று கொஞ்சத்தைப் பழையதிலேயே விட்டுவைத்தாய். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அதையும் துடைத்து மாற்றியிருப்பாய். ஒன்பது நாளுக்கு முன்னால் பார்த்தபோது அது இல்லை. நீ மெஷின் பக்கத்தில் வந்து நின்று, "அந்தத் தாள வாசிக்கத் தெரிஞ்சது மூணு பேரு அம்மா. நீ, நான், அவ" என்றாய்.

நான் ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நான்காவது ஒருவன் உண்டு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு ஒன்பது நாள் ஆனது. அவன்தான் எடுத்தான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, அவன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. தமிழ் தெரிந்த ஒருவனைப் பிடித்து, பேயையும் கடலையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருப்பான். ஆனால் அந்தப் படத்தைக் கொடுத்தது நான். உன் முன்னால் நான் முட்டாளாகிவிடுவேன், இனி சாவியை என்னிடம் தர மாட்டாய் என்ற பயம். அந்தப் பயத்துக்காக ஒரு பெண்ணைத் திருடி ஆக்கிவிட்டு நான் ரவிக்கைக்கு ஹூக் வைத்தேன். போன பணத்தைவிட இதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மா ஏமாந்ததில் நீ படிக்கிறதற்கு ஏதாவது இருந்தால் படித்துக்கொள். புதுச் சொற்களை இங்கிலீஷில், பெரிய எழுத்தில், ஒன்று இரண்டு என்று எண் போட்டு எழுதியிருக்கிறாய், பார்த்தேன், நல்லது. ஆனால் எழுதி வைத்தால் மட்டும் போதாது. தைத்ததைப் போட்டுப் பார்க்காமல் நான் யாரையும் அனுப்புவது கிடையாது, முக்கியமாகக் கல்யாணத் துணியை. வாலெட்டில் கொஞ்சம் மட்டும் போட்டு, அழித்து, தாளைப் பார்த்துத் திரும்பத் திறக்கிறதா என்று பார்த்த பிறகு மிச்சத்தைப் போட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படிப் பார்த்திருந்தால் என் தமிழ் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். யாருக்காவது அனுப்பும்போதும் அப்படித்தான். உன் அப்பா கண்டக்டராக இருந்தபோது, படியில் கால் வைத்தவர் உள்ளே ஏறிவிட்டாரா என்று திரும்பிப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்கச் சொல்லி டபுள் பெல் அடிப்பார். வாலெட் விலாசத்தின் தலையையும் வாலையும், முதல் நாலு எழுத்தையும் கடைசி நாலு எழுத்தையும், பார், சின்னதாக ஒன்று அனுப்பு, சேர்ந்ததா என்று கேள், பிறகு டபுள் பெல் அடி. ஷார்ஜா அறையில் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று ஒருவனிடமும் பெருமை பேசாதே. அவசரம் என்று சொல்கிறவனிடம் அவசரப்படாதே. உதவி வேண்டுமென்றால் எல்லாரும் பார்க்கிற இடத்தில் கேள், தப்பாகச் சொன்னால் திருத்த அங்கே பத்துப் பேர் உண்டு. தாளை இன்னொரு பிரதி எடுத்து வேறொரு வீட்டில் வை. எந்த வீடு என்று இதில் எழுத மாட்டேன், அந்த அளவுக்குப் புத்தி வந்துவிட்டது. எங்கே இருக்கிறது என்பதை மட்டும் உன் பெண்டாட்டிக்குச் சொல். உனக்கு ஒன்று ஆனால் அவள் ரேஷன் கார்டு உறையைக் கிளறிக்கொண்டு நிற்கக் கூடாது.

பெண்டாட்டி என்று எழுதிவிட்டேன். அவள் இன்னும் ஆவாளா என்பது எனக்குத் தெரியாது. நேற்று நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டியூட்டி முடிந்து வந்தவளைக் கேன்டீனில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ ஏன் பேசவில்லை என்பதே அவளுக்குத் தெரியாது, மக்கா. உனக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு ஒன்பது நாள் வேலை செய்திருக்கிறாள். அவளைக் கள்ளி என்று நினைத்தாய் என்பதை அவள் என் வாயால்தான் முதலில் கேட்டாள். அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. டீயைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கட்ட கேட்டிருக்கலாம் இல்லியா மாமி? நீ எடுத்தியான்னு ஒரு வார்த்த. இல்லன்னு சொல்லதுக்குக் கூட எனக்கு வழி தரல்ல."

தப்பு என்னுடையது, அவன் மேல் கோபப்படாதே என்றேன். "ஒங்க தப்பு வேற, அவருக்க தப்பு வேற" என்றாள். அவள் சொன்னது நியாயம். நான் ஏமாந்தேன், மறைத்தேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு ஒருத்தியை மனதுக்குள் விசாரித்துத் தீர்ப்பு எழுதியது நீ. ரகசியம் காக்க உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கே தெரியாதே. கடைசியில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், ஞாயிற்றுக்கிழமை தனக்கு லீவு என்றாள், வீட்டில்தான் இருப்பேன் என்றாள். வரச் சொல் என்று சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இன்று புதன். சனிக்கிழமைக்குள் இது உன் கையில் கிடைக்கும். இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் வாசித்துக் காட்டலாம், அந்தக் குழுவிலும் போடலாம், என்னைப் போல நீளமான அறிவிப்பைத் தாண்டிப் போகிற அம்மாமார் வேறு எத்தனை பேரோ. என்னிடம் கோபமாக இருந்தால் இரு, நான் எங்கும் போய்விட மாட்டேன், மெஷினில்தான் இருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் பார்க்க நிற்காதே, நேராக அவள் வீட்டுக்குப் போ. அவள் கூப்பிடட்டும் என்று போனைப் பார்த்துக்கொண்டு இருக்காதே, அவள் கூப்பிட மாட்டாள். முதலில் வந்து பேசுகிறவன் கள்ளன் என்பது அந்தக் குழுவின் சட்டம். அதை அங்கேயே வைத்துக்கொள். இங்கே நீ முதலில் போய்ப் பேசு, மக்கா.

அம்மா